நகுநயம் மறைத்தல்: முக வீடியோ பற்றி வாசகர் கேள்விகள்

நடிக்கச் சொல்லாமல் ஒருவரை உட்காரவைத்து, கேமராவை அசைக்காமல், சில நிமிடங்கள் அவர் முகத்தை மட்டும் எடுப்பது வீடியோ உருவப்படம். இமைப்பு, உதட்டோரத் துடிப்பு, விழுங்கிய எச்சில், அடக்கிய சிரிப்பு என்று அவர் நினைத்துச் செய்யாதவைதான் அதில் பார்க்க வேண்டியவை. ஒரு போனும் ஜன்னலோரமாக ஒரு நாற்காலியும் இருந்தால் வீட்டிலேயே தொடங்கிவிடலாம். வட சென்னை வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

தாத்தாவின் முகத்தை எடுக்க ஆசை. ‘சும்மா உக்காருங்க தாத்தா’ என்றால் உடனே விறைத்துக்கொள்கிறார். ரேஷன் கார்டு போட்டோ மாதிரி வருகிறது. என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

விறைப்பது இயல்பு. கேமராவைக் கண்டதும் எல்லோருக்கும் வரும் முகம் அது. நீங்கள் சீக்கிரம் நிறுத்திவிடுகிறீர்கள், அதுதான் சிக்கல். வரவழைத்துக்கொண்ட முகத்தை வெகுநேரம் தாங்க முடியாது. ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் தளரும். முதலில் மோவாய் கொஞ்சம் இறங்கும், பிறகு ஒரு பெருமூச்சு, அப்புறம் கண் கேமராவை விட்டு நழுவி வேறெங்கோ போகும். உங்கள் படம் அந்த நழுவலில்தான் தொடங்குகிறது. 4 நிமிடத்துக்குக் குறைத்து எடுக்காதீர்கள்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1964 முதல் 1966 வரை தம் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களை இப்படித்தான் எடுத்தார். அந்தப் படங்களில் 472 எஞ்சியிருக்கின்றன. ஒருவருக்கு 100 அடி பிலிம் சுருள் ஒன்று, ஒலி கிடையாது. நொடிக்கு 24 ஃபிரேமில், அதாவது 24 தனிப்படங்களாக, எடுத்து 16 ஃபிரேமில் ஓட்டினார். அதனால் 3 நிமிடத்துக்கும் குறைவாக எடுத்தது திரையில் 4 நிமிடத்துக்கு மேல் ஓடியது. அசையக் கூடாது, இமைக்கக் கூடாது என்று பலரிடம் சொல்லப்பட்டது. ஒரு பெண்ணுக்கு அழுகையே இல்லாமல் கண்ணீர் வழிந்தது. தாத்தாவிடம் அந்தக் கெடுபிடி வேண்டாம். தாராளமாக இமைக்கட்டும்.

“நாலு நிமிஷம் தாத்தா, நான் பேச மாட்டேன், நீங்களும் பேச வேணாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடியும் நேரம் தெரியாவிட்டால் ‘ஆச்சா, ஆச்சா’ என்றுதான் முகம் கேட்டுக்கொண்டிருக்கும். போனின் பின்பக்கக் கேமராவால் எடுங்கள். டிரைபாடில் அவர் கண் உயரத்துக்கு வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி, 2 எக்ஸ் லென்ஸில் போடுங்கள். அரை மீட்டரில் வைத்தால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கிவிடும். தோலை வழவழப்பாக்கும் ‘பியூட்டி’ வசதியை அணைத்துவிடுங்கள். நமக்கு வேண்டிய சுருக்கங்களைத்தான் அது முதலில் அழிக்கும். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். ரெக்கார்டிங் தொடங்கியதும் கேமராவுக்குப் பின்னால் நிற்காதீர்கள். உங்களைப் பார்த்தால் அவர் உங்களுக்காகச் சிரிப்பார். அவர் பார்வைக்கு எட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள்.

அப்படியும் தளரவில்லை என்றால் மனதுக்கு ஒரு வேலை கொடுங்கள். கடற்கரை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று கும்மிடிப்பூண்டி வரை ஸ்டேஷன் பெயர்களை மனதுக்குள் வரிசையாகச் சொல்லச் சொல்லலாம். ஒன்று மறந்துபோகும் இடத்தில் புருவம் நெருங்கும், கண் மேலே ஏறும், உதடு தானாக முணுமுணுக்கும். 17ஆம் வாய்ப்பாடும் இந்த வேலையைச் செய்யும். புளிப்பு மாங்காயைக் கொடுத்து எடுப்பது இதைவிடச் சுலபம்தான். ஆனால் எல்லா முகமும் அதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரி சுளிப்பதால் இரண்டாவது ஆளிலேயே சலித்துவிடும்.

வீட்டு டியூப்லைட்டில் ஸ்லோ மோஷன் எடுத்தால் படம் ‘பளிச் பளிச்’ என்று துடிக்கிறது. போன் கெட்டுவிட்டதா?
– வாசகர், காசிமேடு

போனில் குறை இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் அதன் இரட்டிப்பாக, நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவுக்குத் தெரிகிறது.

ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, திறந்திருக்கும் நேரத்துக்குள் முழுத் துடிப்புகள் அடங்கினால் படம் சீராக வரும். 1/50 நொடியில் 2 துடிப்பு, 1/100 நொடியில் 1 துடிப்பு. சாதாரண வேகத்தில் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் பிரச்சினை இல்லை. 30 ஃபிரேமானாலும் ஷட்டர் 1/50 இருந்தால் போதும். கையால் ஷட்டரை மாற்ற இடம் கொடுக்கும் கேமரா ஆப் வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா என்ற ஆப் இலவசமாகக் கிடைக்கிறது.

ஸ்லோ மோஷனில் கணக்கு தப்புகிறது. 120 ஃபிரேமில் ஷட்டர் 1/120 நொடிக்கு மேல் திறந்திருக்க முடியாது, ஒரு துடிப்பே முழுசாக அடங்காது. 120க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் 20. அதை 30 ஃபிரேமில் 4 மடங்கு மெதுவாக ஓட்டும்போது நொடிக்கு 5 முறை வெளிச்சம் ஏறி இறங்கும். நீங்கள் பார்த்தது இதைத்தான். மிரர்லெஸ் கேமரா (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) இருந்தால் அதை ‘பால்’ (PAL: 25, 50, 100 என்று ஃபிரேம் தரும் அமைப்பு) முறைக்கு மாற்றி 100 ஃபிரேமில் எடுங்கள், துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். போனில் 120, 240 மட்டுமே இருந்தால் வீட்டு விளக்கை நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், அல்லது பேட்டரி எல்.இ.டி. பேனலை முழு வெளிச்சத்தில் வையுங்கள். பல பேனல்களில் வெளிச்சத்தைக் குறைத்தால் துடிப்பு வந்துவிடும். முதலில் வெள்ளைச் சுவரை 10 நொடி எடுத்துப் பாருங்கள். சுவர் துடித்தால் முகமும் துடிக்கும்.

இன்னொன்று: சீலிங் ஃபேன் விளக்குக்கும் முகத்துக்கும் நடுவே சுற்றினால் இறக்கையின் நிழல் நெற்றியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை எந்த ஷட்டராலும் சரிசெய்ய முடியாது. ஃபேனை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஆளை நகர்த்துங்கள்.

வெளிச்சம் எங்கே நன்றாக இருக்கும்? எங்கள் வீட்டில் ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது.
– வாசகி, கொருக்குப்பேட்டை

மொட்டை மாடிக்குப் போங்கள். படிக்கட்டு போய்ச் சேரும் இடத்தில் கூரை போட்ட ஒரு சிறு கூண்டு இருக்குமே, அதன் வாசலுக்கு ஒரு முழம் உள்ளே நாற்காலியைப் போட்டு, ஆளை வாசலுக்குச் சாய்வாக உட்காரவையுங்கள். வானத்து வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விரிந்து விழும், மறுகன்னம் மெல்ல இருளும். சுருக்கம், குழி, உதட்டோரப் பள்ளம் எல்லாம் பக்கத்து வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கும். ரிங் லைட் இந்த வேலைக்கு ஆகாது. நேர்முன்னால் நின்று நிழல்களை எல்லாம் துடைத்துவிடும், கருவிழியில் வெள்ளை வளையமும் போடும். வாசலில் நேர் வெயில் விழுந்தால் வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள். வெயில் கண்ணில் பட்டால் முகம் சுளிக்கும். அதைப் பார்ப்பவர் துயரம் என்று நினைத்துக்கொள்வார்.

பின்னால் கறுப்புத் துணி கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிவிடும், மாநிற முகமும் சாம்பல் பூத்ததாகிவிடும், நெற்றி வியர்வை வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்ச அளவை) ஒரு படி இறக்கிப் பூட்டுங்கள். பவுடர் போடாதீர்கள்.

எத்தனை ஃபிரேமில் எடுத்தால் அந்த மின்னல் மாதிரி வந்துபோகும் முகபாவம் தெரியும்?
– குறும்படம் எடுக்கும் இளைஞர், ராயபுரம்

1966இல் ஹேகார்டு, ஐசக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மனநல சிகிச்சை உரையாடல்களின் பிலிமை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது கவனித்தவை அந்த முகபாவங்கள். பொதுவாக 1/25 முதல் 1/5 நொடி வரை இருக்கும் என்பார்கள். 25 ஃபிரேமில் எடுத்தால் அது 1 முதல் 5 ஃபிரேம். 100 ஃபிரேமில் எடுத்தால் 4 முதல் 20 ஃபிரேம். அதை 25இல் ஓட்டினால் மிகச் சிறியதுகூடச் சுமார் 0.16 நொடிக்கும், பெரியது 0.8 நொடிக்கும் நீளும். கண்ணுக்கு அது போதும். 240இல் எடுக்கலாம், ஆனால் ஷட்டர் 1/240க்கு இறங்குவதால் 1/50இல் கிடைக்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். போன் அந்த இருட்டில் படத்தில் வரும் புள்ளிகளைக் குறைக்கிறேன் என்று தோலின் நுண்ணசைவையும் சேர்த்து மெழுகிவிடும்.

எல்லாவற்றையும் மெதுவாக்க வேண்டும் என்பதும் இல்லை. வீடியோ கலைஞர் பில் வயோலா 2000இல் ஐந்து பேரின் உணர்ச்சி ஏறி இறங்குவதை நொடிக்கு 300 ஃபிரேமில் எடுத்து, ஒரு நிமிட அளவிலான நிகழ்வைக் கால்மணி நேரத்துக்கு நீட்டினார். அது நடிகர்களை வைத்துத் திட்டமிட்டு எடுத்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் முகத்துக்கு அதன் சொந்த வேகமே பெரும்பாலும் போதும். உங்களிடம் 25 ஃபிரேம் படம்தான் இருக்கிறது என்றால் எடிட்டிங்கில் ‘ஸ்மூத் ஸ்லோ மோஷன்’ போட்டு நீட்டாதீர்கள். இரண்டு ஃபிரேமுக்கு நடுவே இல்லாத முகத்தை மென்பொருளே வரைந்து நிரப்பும். அந்த உதட்டசைவு அந்த மனிதருடையதே அல்ல.

நண்பர்கள் கேரம் ஆடும்போது முகம் என்னென்னவோ செய்கிறது. அதை எடுக்க முடியுமா?
– கேரம் ஆட்டக்காரர், பெரம்பூர்

இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கண் காயின் மேல், விரல் ஸ்டிரைக்கரின் மேல், முகத்தைக் காவல் காக்க ஆளே இல்லை. ஸ்டிரைக்கரை விடும் முன் நாக்கு நுனி வாயோரம் வெளியே வரும், மூச்சு நிற்கும், ஒரு கண் சுருங்கும். காய் குழிக்குள் போகும் வழியெல்லாம் தலையும் அதே பக்கம் சாயும். எழுதப் பழகும் குழந்தைகளின் நாக்கு விரலோடு சேர்ந்து அசைவதை டார்வின் 1872இல் வெளியிட்ட நூலிலேயே குறித்திருக்கிறார். பெரியவர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போனதாகத்தான் தோன்றும். சிவப்புக் காய் குழி ஓரத்தில் நிற்கும்போது பாருங்கள்.

பலகையின் ஆடுகளம் ஒரு பக்கம் 74 செ.மீ. எதிர் ஆட்டக்காரரின் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, பலகையின் மட்டத்தைவிட ஒரு ஜாண் உயரத்தில் கேமராவை வைத்தால் முகத்துக்கு ஒன்றரை மீட்டர் கிடைக்கும். அவர்கள் குனிவதால் கண் உயரம் சரியாக அமையும். சிக்கல் இரண்டு. பலகைக்கு மேலே தொங்கும் மூடி போட்ட பல்பு நெற்றியை வெளுத்துக் கண்குழியைக் கறுப்பாக்கும். பலகை கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்தான், ஆனால் போதாது. ஆடுபவருக்குப் பக்கவாட்டில், முழங்கைக்கு இடையூறு இல்லாமல், ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். அடுத்தது ஃபோகஸ். ஏ.பி.எஸ்.சி. அளவுச் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும்) திறந்தால் ஒன்றரை மீட்டரில் தெளிவாக இருக்கும் ஆழம் ஆறரை செ.மீ.தான். ஆள் குனிந்ததும் மங்கிவிடும். எஃப் 4இல் அது 14 செ.மீ. ஆகும். எஃப் 5.6க்குப் போனாலும் நல்லதே.

ஒரு ஆட்டம் முழுவதும் ஓடட்டும். முதல் ஆட்டத்தில் கேமராவுக்காகவும் கொஞ்சம் ஆடுவார்கள். மூன்றாவது ஆட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் மேல்நாட்டுக் கலை. நம் மரபில் இதற்கு இடம் உண்டா?
– தமிழாசிரியர், தண்டையார்பேட்டை

இடம் என்ன, பெயரே உண்டு. மெய்ப்பாடு. உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படுவது. தொல்காப்பியம் அதற்கென்று ஓர் இயலே வைத்து நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. வடமொழி நாட்டிய மரபும் வியர்வை, மயிர்க்கூச்சு, நடுக்கம், குரல் தழுதழுப்பு, நிறம் மாறுதல், கண்ணீர் முதலிய எட்டைச் சாத்துவிகம் என்று தனியே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் இந்தக் கலைக்கு மிக நெருக்கமான வரி காதலின் முதல் நிலையைச் சொல்லும் இடத்தில் வருகிறது: “புகுமுகம் புரிதல் பொறிநுதல் வியர்த்தல் நகுநயம் மறைத்தல் சிதைவுபிறர்க் கின்மை”. சிரிப்பைச் சொல்லவில்லை, சிரிப்பு வந்ததை மறைப்பதைச் சொல்கிறது. வந்ததும் மறைத்ததும் ஒரே முகத்தில் ஒரே நேரத்தில் தெரிகின்றன என்று கண்டவர் எழுதியது அது.

அதைக் கேமரா வழியே பார்ப்போம். கன்ன எலும்பிலிருந்து உதட்டோரத்துக்கு வரும் தசை உதட்டை மேலே இழுக்கத் தொடங்குகிறது. அடக்க நினைத்தவுடன் வாயைச் சுற்றியுள்ள வட்டத் தசை இறுகி உதடுகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன, சிவப்புப் பகுதி மெலிந்து கோடாகிறது. வாயோரத்தை ஒரு தசை கீழே இழுக்கிறது. மோவாய்த் தசை மேலே தள்ளுவதால் மோவாயில் சாத்துக்குடித் தோல் போலப் புள்ளி புள்ளியாகக் குழிகள் விழுகின்றன. வாயில் இவ்வளவு மல்லுக்கட்டு நடக்க, கண்ணின் கீழிமை மட்டும் மெத்தென்று மேலே ஏறிச் சிரித்துவிடுகிறது. 100 ஃபிரேமில் எடுத்தால் கீழிமை எங்கே ஏறுகிறது, வாய் எங்கே இறுகுகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். மோவாய்ப் புள்ளிகள் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும், படத்தின் கீழ் விளிம்பு மோவாயை வெட்டக் கூடாது. பலர் நெற்றிக்கு மேலே இடம் விட்டு மோவாயை வெட்டிவிடுகிறார்கள்.

‘பொறிநுதல் வியர்த்தல்’ எடுக்க நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் சித்திரை வைகாசியில் எல்லா நெற்றியும் வியர்க்கும். அறையை அரைமணி நேரம் குளிர வைத்த பிறகு வரும் வியர்வைக்கே அர்த்தம் உண்டு.

இந்த வீடியோவை வைத்து ஒருவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

முடியாது. முயலவும் வேண்டாம்.

பிரெஞ்சு மருத்துவர் துஷென் 1862இல், மின்சாரத்தால் முகத்தசைகளைத் தனித்தனியே தூண்டிப் படம் எடுத்து, மனமாரச் சிரித்தால்தான் கண்ணைச் சுற்றிய தசை சேரும் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ‘கண் சிரிக்கவில்லை, ஆகவே பொய்ச் சிரிப்பு’ என்று இன்றும் தீர்ப்புச் சொல்கிறார்கள். கண்ணையும் சேர்த்து வேண்டுமென்றே சிரிக்கப் பலரால் முடியும் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டிவிட்டன. உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978இல் வெளியிட்ட அட்டவணை எந்தத் தசை அசைந்தது என்பதை எண்ணிட்டு எழுத உதவும். அசைவுக்கான காரணம் அந்த எண்ணில் கிடைக்காது. 2019இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் ஏராளமான ஆய்வுகளைத் திரும்பப் பார்த்து, ஒரு முகபாவத்துக்கு ஒரே உணர்ச்சி என்று நம்பத்தக்க கணக்கு கிடையாது என்று எழுதினார்கள். கோபத்தில் முகம் சுளிப்பவர் உண்டு, கூர்ந்து யோசிக்கும்போது சுளிப்பவரும் உண்டு.

தானாக வரும் சிரிப்புக்கும் வரவழைக்கும் சிரிப்புக்கும் மூளையிலிருந்து வரும் பாதை வேறு என்பது உண்மை. பக்கவாதத்தில் சொன்னபடி ஒரு பக்க வாயை அசைக்க முடியாத சிலர், வேடிக்கை ஒன்றைக் கேட்டதும் இரு பக்கமும் சிரித்துவிடுவது மருத்துவர்கள் அறிந்ததே. ஆனால் அந்தப் பாதையை வெளியிலிருந்து வீடியோவில் பார்த்துவிட முடியாது. ஆகவே படத்தின் கீழே ‘கோபம்’, ‘குற்ற உணர்வு’ என்று எழுதாதீர்கள். பெயர், நாள், எத்தனை நிமிடம், இவை போதும். பெயரையும் அவர் விரும்பினால் மட்டும்.

என் பெரியப்பாவுக்கு இடது கண்ணும் கன்னமும் தானாகத் துடிக்கும். ‘என்னையும் எடுடா’ என்கிறார். எடுக்கலாமா?
– வாசகர், புளியந்தோப்பு

அவரே கேட்கிறார், எடுங்கள். அதற்கு முன் அவர் டாக்டரைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். தூக்கமின்மையாலோ அதிகம் டீ குடிப்பதாலோ இமை மட்டும் சில நாள் துடித்து நின்றுவிடுவது வேறு. கண்ணில் தொடங்கி அதே பக்கக் கன்னத்துக்கும் வாய்க்கும் இறங்கி, தூக்கத்திலும் தொடர்ந்தால், மூளையிலிருந்து முகநரம்பு வெளியே வரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்திக்கொண்டிருக்கலாம். சிகிச்சை உண்டு. தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியின் பலன் சுமார் 3 மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, நரம்பியல் பிரிவில் காட்டலாம்.

எடுக்கும்போது துடிப்பை மட்டும் நெருக்கமாகக் காட்டாதீர்கள், ஸ்லோ மோஷன் போடாதீர்கள். மற்றவர்களுக்கு என்ன தூரமோ அதே தூரம், அதே 4 நிமிடம். துடிப்பை வெட்டி எடுத்துவிடவும் வேண்டாம். பார்க்க வந்தவர் முதல் நிமிடம் துடிப்பைப் பார்ப்பார், மூன்றாவது நிமிடம் பெரியப்பாவைப் பார்ப்பார். அதற்கு அந்த நீளம் வேண்டும்.

இது எல்லோருக்கும்: எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவரின் வாய் திடீரென்று ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை தளர்ந்தாலோ கேமராவை விட்டுவிட்டு 108க்குக் கூப்பிடுங்கள். பக்கவாதமாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டே ஒரு வீடியோவையும் பார்க்கிற மாதிரி எடுக்க முடியுமா? அம்மாவுக்கு அவர் கல்யாண கேசட்டைப் போட்டுக்காட்டி முகத்தை எடுக்க ஆசை.
– வாசகி, மாதவரம்

முடியும். செய்தி வாசிப்பவர் முன் இருக்கும் கண்ணாடியின் உத்திதான். போட்டோ சட்டம் போடும் கடையில் 2 மி.மீ. கண்ணாடி, 30க்கு 25 செ.மீ. அளவில் வெட்டி வாங்கி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். டி.வி. வந்த அட்டைப்பெட்டியின் உள்ளே கரும்பலகை பெயின்ட் அடித்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திறந்துவிட்டு, கண்ணாடியை 45 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். மேல் விளிம்பு அம்மா பக்கம், கீழ் விளிம்பு கேமரா பக்கம். கண்ணாடிக்குக் கீழே பெட்டியின் தரையில் டேப்லெட்டை முகம் மேலே பார்க்கப் படுக்கவையுங்கள். அம்மாவுக்குக் கண்ணாடியில் படம் தெரியும். பின்னால் இருக்கும் கேமரா கண்ணாடிக்கு ஊடாக அம்மாவை எடுக்கும். லென்ஸ் கண்ணாடியின் நடுவுக்கு நேராக இருக்கட்டும்.

கண்ணாடி சுமார் 8 முதல் 10 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்பும். அதனால் டேப்லெட் முழு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். படம் இரட்டையாகத் தெரிந்தால் கண்ணாடி தடிமன் அதிகம் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் தனித்தனியே பிரதிபலிக்கின்றன. கேமராவின் பக்கமிருந்து பார்த்தால் அதே கண்ணாடி கூரையைப் பிரதிபலிக்கும். பெட்டியின் மேல்புறத்தையும் கேமராவையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடாவிட்டால் டியூப்லைட் அம்மாவின் நெற்றியில் பேய்க்கோடாக விழும். கைரேகை பட்டால் படமே மங்கும், எடுக்கும் முன் துடையுங்கள். படம் இடவலம் மாறித் தெரியும். தாலி கட்டும் கை மாறிவிட்டதே என்று அம்மா கவனிக்காமல் இருக்க, வீடியோவை முன்பே இடவலமாகத் திருப்பிச் சேமித்துவிடுங்கள்.

கேசட்டில் இன்று உயிரோடு இல்லாதவர்கள் இருப்பார்கள். என்ன காட்டப் போகிறீர்கள் என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்திருந்தாலும் முகம் அதன் வேலையைச் செய்யும்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி போனால் படம் அதிர்கிறது.
– வாசகர், எண்ணூர்

தரைத்தளத்தில் எடுங்கள். டிரைபாடின் காலுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வையுங்கள், நடுக்கம்பியில் 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையை லேசாகத் தொடும்படி தொங்கவிடுங்கள். டிரைபாடில் இருக்கும்போது, கைநடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் அசையாத முகத்தைத் தேவையில்லாமல் மிதக்க வைக்கும்.

மீன் ஏலத்தில் முகங்கள் அற்புதமாக இருக்கும். சொன்னால் இயல்பு போய்விடும் என்று ஒளித்துவைத்து எடுத்தேன். காட்டலாமா?
– வாசகர், மூலக்கடை

காட்டக் கூடாது, அவர்களிடம் போய்க் கேட்காத வரை. சொந்தக்காரருக்கே தெரியாமல் வெளிவந்த அசைவு அது. மற்ற படங்களைவிட இதற்குத்தான் அவருடைய சம்மதம் அதிகம் தேவை. விலை ஏறும்போது ஓர் அக்காவின் முகத்தில் வந்துபோன கலக்கத்தில் அந்த மாதக் கடன் இருக்கலாம்.

சொன்னால் இயல்பு போய்விடும் என்பதும் சரியல்ல. ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பேசுங்கள், மறுவாரம் கேமராவோடு வெளிப்படையாக நில்லுங்கள். ஏலம் சூடுபிடித்தால் உங்களைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. எடுத்ததை அவர்களிடமே போட்டுக்காட்டுங்கள். எந்தப் பகுதி, எங்கே, எத்தனை நாள் காட்டப்படும், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது என்று தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லி, அந்தச் சம்மதத்தையும் வீடியோவில் பதியலாம். 18 வயது நிரம்பாதவர்களை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எடுக்காதீர்கள்.

எட்டு முகங்கள் எடுத்துவிட்டோம். தெரு நூலகத்தில் பழைய டி.வி.யில் ஓட்டப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
– நண்பர்கள் குழு, வண்ணாரப்பேட்டை

டி.வி.யை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். 32 அங்குல டி.வி. அப்போது 40 செ.மீ. அகலம், 71 செ.மீ. உயரம். உச்சியிலிருந்து மோவாய் வரை தலை சுமார் 22 செ.மீ. என்றால், திரையின் பாதி உயரத்துக்கு முகம் வந்தாலே அசலைவிட ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் பெருக்காதீர்கள், முகம் பேனர் ஆகிவிடும். திரையின் நடு தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பின்புறக் காற்றுத் துளைகள் சுவரோடு ஒட்டக் கூடாது.

வீடியோவை எடிட்டிங்கிலேயே 90 டிகிரி திருப்பி வெளியிடுங்கள், டி.வி. தானாகத் திருப்பிக் காட்டாது. பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தரவை) குறைக்காதீர்கள். 50 மெகாபிட் வைத்தால் நிமிடத்துக்கு 375 எம்.பி., 4 நிமிட முகம் ஒன்று ஒன்றரை ஜி.பி., எட்டும் 12 ஜி.பி. ஆகவே 32 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். வாட்ஸ்அப்பில் வந்துபோன கோப்பைப் போட்டால் இருண்ட கன்னம் கட்டம் கட்டமாக உடையும். டி.வி. அமைப்பில், அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’, வெளிச்சத்தைத் தானாக மாற்றும் ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ இரண்டையும் அணையுங்கள். சில மணி நேரத்தில் தானாக அணையும் வசதியையும் எடுத்துவிடுங்கள்.

டி.வி. ஒரு கோப்பு முடிந்து மறுபடி தொடங்கும்போது நடுவே கறுப்புத் திரையும் மெனுவும் வரும். எட்டு முகத்தையும் ஒரே கோப்பாகச் சேருங்கள், அந்த 32 நிமிடத்தையும் இன்னொரு முறை பின்னால் ஒட்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அந்தத் தடங்கல் வரும். முகம் மாறும் இடத்தில் ஒன்றிலிருந்து ஒன்று கரைய வேண்டாம், ஒரு நொடி இருட்டு விடுங்கள். தடங்கல் தெரியாமலிருக்க முன்னும் பின்னுமாக ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. முகத்துக்கு அது உதவாது. இமை மூடும் வேகம் அதிகம், திறக்கும் வேகம் குறைவு. பின்னோக்கி ஓட்டினால் அது தலைகீழாகும், காரணம் புரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

திரைக்கு எதிரே, ஒன்றரை மீட்டரில், ஒரு நாற்காலி போடுங்கள். நீங்கள் எடுத்தபோது கேமரா நின்ற அதே தூரம்.